புயலுக்குப் பின் கூரையைப் பார்ப்பது: ஏணியா, ட்ரோனா, வீட்டுக்குள்ளிருந்தா?

2018ஆம் ஆண்டு நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த பிறகு, கடலோர ஊர்களில் எல்லோரும் முதலில் செய்தது விழுந்த மரங்களை வெட்டி வழி எடுத்தது. அடுத்துச் செய்தது கூரையில் ஏறிப் பார்த்தது. வேதாரண்யம் பக்கத்தில் என் சிற்றப்பாவின் சீமை ஓட்டு வீட்டில் மறுநாள் ஒருவர் ஏறினார். முற்றத்தில் நின்று பார்த்தபோது ஏழு ஓடுகள் உடைந்திருந்தது எங்கள் கண்ணுக்கே தெரிந்தது. அவர் ஒரு மணி நேரம் நடந்து பார்த்துவிட்டு இறங்கியபோது பதினொன்று உடைந்திருந்தது. அவர் மீது தவறில்லை. பாசி படிந்து நனைந்திருந்த கூரையில், எந்த ஓட்டின் கீழே அதைத் தாங்கும் ரீப்பர் சட்டம் உளுத்திருக்கிறது என்பது மிதித்த பின்புதான் தெரிகிறது. கூரையைச் சோதிப்பதே கூரையைச் சேதப்படுத்துகிறது என்ற இந்தச் சங்கடம்தான், ட்ரோன் என்னும் கருவியை நான் அக்கறையோடு கவனிக்கத் தொடங்கியதற்குக் காரணம்.

இன்று புயலுக்குப் பின் ஒரு கூரையைப் பார்க்க நம் முன் உள்ள வழிகள் ஐந்து: ஏணி வைத்து ஏறுவது, தரையிலிருந்தே தொலைநோக்கியாலோ நீண்ட கழியில் கட்டிய கைபேசியாலோ பார்ப்பது, வீட்டுக்குள் நின்று மேலே அண்ணாந்து பார்ப்பது, ட்ரோனைப் பறக்கவிடுவது, செயற்கைக்கோள் படத்தைப் பார்ப்பது. இவற்றில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை என்பது என் கருத்து. கேட்க வேண்டியது, அந்தக் கூரை எதனால் ஆனது, அது ஒரு மனிதனின் எடையைத் தாங்குமா என்பதுதான்.

செயற்கைக்கோள் படத்தை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். 2019 நவம்பரில் இஸ்ரோ ஏவிய கார்ட்டோசாட்-3 உலகத் தரத்தில் மிகக் கூர்மையான படங்களைத் தருவது. அதன் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு புள்ளி தரையில் ஏறத்தாழ 28 சென்டிமீட்டரைக் குறிக்கும். சீமை ஓடு எனப்படும் மங்களூர் ஓடு ஒன்றின் நீளம் சுமார் 41 சென்டிமீட்டர், அகலம் 23 சென்டிமீட்டர்தான். அதாவது, முழு ஓடே ஒன்றிரண்டு புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். எந்தத் தெருவில் எத்தனை கூரைகள் அடியோடு போயின என்று மாவட்ட நிர்வாகம் அறிவதற்கு அந்தப் படம் அருமையான துணை. என் வீட்டில் எந்த ஓடு உடைந்தது என்பதற்கு அதனால் பதில் சொல்ல முடியாது.

ஏணி வைத்து ஏறுவதைப் பழைய முறை என்று தள்ளிவிடுவோர் அதன் வலிமையைக் கவனிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாததைக் கை அறியும். ஓட்டை விரல் மடக்கித் தட்டினால் நல்ல ஓடு கணீரென்று ஒலிக்கும், மயிரிழை விரிசல் உள்ள ஓடு மங்கலாக ஒலிக்கும். காற்று தூக்கிப் பார்த்துவிட்டு மீண்டும் அதே இடத்தில் வைத்துவிட்டுப் போன ஓடு, மேலிருந்து எடுத்த எந்தப் படத்திலும் ஒழுங்காகவே தோன்றும்; கையால் அசைத்தால் மட்டுமே அது ரீப்பரின் பிடியிலிருந்து நழுவியிருப்பது தெரியும். முகட்டு ஓட்டுக்கு அடியில் பூசிய சாந்து விட்டுப்போயிருக்கிறதா, கைமரத்தின் நுனியில் ஆணி ஏறும் அளவுக்கு மரம் மெத்தென்று ஆகிவிட்டதா என்பதெல்லாம் தொட்டுப் பார்க்கும் சோதனைகள். எனினும் ஏறுகிறவர் பழகிய கையாக இருக்க வேண்டும்; நான்கு அடி உயரத்துக்கு ஓரடி என்ற கணக்கில் ஏணியின் அடியைச் சுவரிலிருந்து தள்ளி ஊன்ற வேண்டும்; கூரை காய்ந்திருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், புயல் போன மறுநாளே மீண்டும் மழை தூறும் ஊர்களில், இந்தக் கடைசி நிபந்தனை நிறைவேறுவது அரிது.

இனி ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரைக்கு வருவோம். இங்கே ஒப்பிட எதுவுமில்லை, ட்ரோனே வெல்கிறது என்று தயக்கமின்றிச் சொல்வேன். அரிசி ஆலை, கோழிப்பண்ணை, பட்டறை, பழைய பள்ளிச் சமையற்கூடம் என்று நம் ஊர்களில் இந்தக் கூரை இல்லாத இடமில்லை. வெயிலிலும் மழையிலும் பல ஆண்டுகள் கிடந்த ஷீட், தோற்றத்தில் உறுதியாக இருந்தாலும், ஆளின் எடை விழுந்த கணத்தில் எச்சரிக்கை ஏதுமின்றி முறியும். முறிந்தால் கீழே இயந்திரமோ சிமெண்டுத் தரையோ இருக்கும். இப்படி ஷீட் உடைந்து உள்ளே விழுந்து இறப்பது உலகெங்கும் கூரை வேலையில் நிகழும் உயிரிழப்புகளின் முக்கிய வகைகளில் ஒன்று. போல்ட் வரிசை மீதே கால் வைத்து நடந்தால் போதும், அடியில் இரும்புச் சட்டம் தாங்கும் என்ற நம்பிக்கை நம் தொழிலாளர்களிடையே வலுவாக உள்ளது. ஒரு பாதம் அரை அடி விலகினாலும் அந்த நம்பிக்கை காப்பாற்றாது. புயல் அசைத்த ஷீட்டில் விரிசல் பெரும்பாலும், ஷீட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் அந்த ஜே போல்ட்டின் துளையிலிருந்தே தொடங்குகிறது என்பதால், போல்ட் வரிசையே அங்கு மிகப் பலவீனமான இடமாகவும் ஆகிவிடுகிறது. உடைந்த விளிம்பிலிருந்து கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழை காற்றில் கலக்கும் தீங்கு வேறு இருக்கிறது. ஆகவே, ட்ரோன் கிடைக்காவிட்டாலும் இந்தக் கூரையில் ஏறக் கூடாது. கழியில் கட்டிய கைபேசியோ, கொட்டகைக்குள் நின்று வெளிச்சம் தெரியும் இடங்களைக் குறிப்பதோ போதும்.

ட்ரோன் எவ்வளவு நுட்பமாகப் பார்க்கும் என்பதை எண்ணால் சொல்வது நல்லது. ஏனெனில், விளம்பரங்களில் அது எல்லாவற்றையும் பார்ப்பதாகக் காட்டப்படுகிறது. 12 மெகாபிக்சல் கேமராவும் பரந்த கோண லென்ஸும் கொண்ட ஒரு சிறு ட்ரோன், கூரைக்கு 10 மீட்டர் மேலே நின்று எடுக்கும் படத்தில் ஒரு புள்ளி ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டரைக் குறிக்கும். 30 மீட்டர் உயரத்தில் அது ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். உடைந்த ஓடும், விலகிய ஷீட்டும், காணாமற்போன போல்ட் வாஷரும் 10 மீட்டரிலிருந்து தெரியும். மயிரிழை விரிசல் தெரியாது. விரிசலைப் பார்க்க 3 மீட்டருக்கு இறங்கினால் இறக்கைகள் கீழே தள்ளும் காற்று, ஏற்கெனவே தளர்ந்திருக்கும் துண்டுகளை அசைக்கக்கூடும். அறுந்து தொங்கும் மின்கம்பியிலும் தென்னங்கீற்றிலும் மோதும் அபாயமும் கூடும். நேர்கீழாக மட்டும் எடுப்பதும் போதாது. உடைந்த ஓட்டின் விளிம்பு புதியதாக இருந்தால் உள்ளே செங்கல் சிவப்பாகப் பளிச்சென்று இருக்கும், பழையதாக இருந்தால் கறுத்துப் பாசி பற்றியிருக்கும். அந்த விளிம்பின் முகம் சாய்வாக, நாலைந்து மீட்டர் தூரத்திலிருந்து எடுத்த படத்தில்தான் தெரியும். காப்பீட்டுக் கோரிக்கையில் அந்த நிற வேறுபாடு எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ட்ரோனைப் பறக்கவிடுவோர் எங்கே பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். காற்று கூரையை அழுத்திச் சேதப்படுத்துவதைவிட உறிஞ்சித் தூக்கியே அதிகம் சேதப்படுத்துகிறது. அந்த உறிஞ்சல் கூரையின் நடுப்பகுதியில் குறைவாகவும், இறவாணம், முகடு, மூலைகள் ஆகிய விளிம்புகளில் மிகுந்தும் இருக்கும். கட்டடங்களின் மீதான காற்றுச் சுமைக்குரிய இந்தியத் தரநிலை 875இன் மூன்றாம் பகுதி விளிம்புகளுக்கு மட்டும் தனியாகக் கூடுதல் கெழுக்களை வகுத்திருப்பது இதனால்தான். நம் கடற்கரையில் இன்னொன்றும் உண்டு. புயலின் கண் ஓர் ஊரைக் கடந்தால், முதலில் வடக்கிலிருந்து அடிக்கும் காற்று, சிறிது நேர அமைதிக்குப் பின் தெற்கிலிருந்து திருப்பி அடிக்கும். முதல் காற்றில் தளர்ந்தது இரண்டாம் காற்றில் பறக்கும். ஆகவே, தெருப்பக்கச் சாய்வை மட்டும் படமெடுத்துவிட்டுப் போகிறவரிடம், கொல்லைப்பக்கச் சாய்வையும் எடுக்கச் சொல்ல வேண்டும்.

ட்ரோனின் குறைகளில் பெரியது, அது தேவைப்படும் நாளில்தான் பறக்க இயலாது என்பது. 250 கிராமுக்குக் குறைந்த சிறு ட்ரோன்களில் தரமானவைகூட மணிக்கு 38 கிலோமீட்டர் அளவு காற்றைத்தான் தாங்குவதாக உற்பத்தியாளர்களே சொல்கிறார்கள். பெரும்பாலானவை மழையில் நனையக் கூடாதவை. புயல் கரையேறிய மறுநாள் காற்று அடங்கியிருந்தாலும் தூறல் நிற்பதில்லை. மின்சாரமும் இருக்காது. கஜாவுக்குப் பின் டெல்டாவின் பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. பேட்டரியைச் சார்ஜ் செய்ய ஜெனரேட்டர் உள்ள வீட்டைத் தேடித்தான் போக வேண்டியிருந்திருக்கும். கைபேசிக் கோபுரமும் விழுந்திருந்தால், எந்த இடத்தில் பறக்க அனுமதி உண்டு என்று காட்டும் இணைய வரைபடமும் திறக்காது.

அந்த அனுமதி விஷயத்தை அலட்சியம் செய்யக் கூடாது. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி, 250 கிராம் வரையுள்ளது நானோ வகை, அதற்கு மேல் 2 கிலோ வரையுள்ளது மைக்ரோ வகை. நானோ ட்ரோனை இயக்கவும், வணிக நோக்கமின்றி மைக்ரோ ட்ரோனை இயக்கவும் விமானி சான்றிதழ் தேவையில்லை. கூலிக்குக் கூரைச் சோதனை செய்யும் மைக்ரோ ட்ரோன்காரருக்குத் தேவை. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்கலாம்; படைத்தளம் போன்ற இடங்களைச் சுற்றிய சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கவே கூடாது. விதிக்கு அப்பால் மரியாதையும் ஒன்று உண்டு. பக்கத்து வீட்டுக் கொல்லையில் பெண்கள் குளித்துக்கொண்டிருக்கலாம், கூரை இழந்த வீட்டில் மக்கள் திறந்த வெளியில் உறங்கிக்கொண்டிருக்கலாம். முன்கூட்டி நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டுப் பறக்கவிடுவதே முறை.

இப்போது, யாரும் கருவியாகவே கருதாத வழிக்கு வருகிறேன். மச்சோ பொய்க்கூரையோ இல்லாத ஓட்டு வீட்டில், நண்பகல் வெயிலில் எல்லாச் சன்னல்களையும் சாத்திவிட்டு உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால், விலகிய ஒவ்வோர் ஓடும் ஒரு வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். தரையில் விழும் ஒவ்வொரு வெயில் வட்டத்தின் மீதும் சாக்கட்டியால் ஒரு குறி போட்டு, அந்த வெயில் வரும் திசையில் மேலே பார்த்து, எந்தக் கைமரத்துக்கு எத்தனையாவது வரிசை என்று எண்ணி எழுதிவிட்டால், ஓடு மாற்ற வருகிறவர் கூரை முழுவதும் நடக்க வேண்டியதில்லை. சிற்றப்பா வீட்டில் இதைப் பிறகுதான் செய்தோம்; ட்ரோன் படத்தில் ஒழுங்காகத் தோன்றியிருக்கக்கூடிய, மேலோட்டின் நிழலுக்குள் நழுவிய மூன்று ஓடுகளை இப்படித்தான் கண்டோம். கைமரத்தின் மீது நீர் வழிந்த கறையும், ரீப்பர் உளுத்து உதிர்த்த மாவும் உள்ளிருந்துதான் தெரியும். செலவே இல்லாத இந்த முறையை நான் ட்ரோனுக்கு இணையாகவே வைக்கிறேன். கூரைக்கு அடியில் மச்சு உள்ள வீட்டில் மட்டும் இது பயன்படாது. அங்கே ட்ரோன் முந்துகிறது.

கான்கிரீட் தளம் போட்ட வீட்டுக்கு ட்ரோன் வேண்டியதில்லை. படியேறிப் போய் நடந்து பார்க்கலாம். தட்டோட்டின் இடுக்கு, கைப்பிடிச் சுவரின் அடி, இலை அடைத்த மழைநீர்க் குழாயின் வாய் ஆகியவற்றைக் கண்ணும் கையும் அருகிருந்து பார்ப்பதே மேல். மாடிக்குப் படி இல்லாத வீடும், தண்ணீர்த் தொட்டிக்கு மேலுள்ள உயரமான பகுதியும் மட்டுமே விலக்கு.

அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள், 2017இல் ஹூஸ்டனை ஹார்வி புயல் தாக்கிய காலந்தொட்டு, ட்ரோனைப் பெருமளவில் பயன்படுத்துகின்றன என்பதை எடுத்துக்காட்டி, நாமும் அப்படியே செய்யலாம் என்று எழுதுவோர் உண்டு. அங்குள்ள வீட்டுக் கூரை பெரும்பாலும் ஷிங்கிள் என்னும் தார் பூசிய மெல்லிய வில்லைகளால் வேய்ந்தது. அங்கேயும் ஆலங்கட்டி மழைச் சேதத்தை உறுதிசெய்ய, கூரையில் பத்தடிச் சதுரம் ஒன்றைச் சாக்கட்டியால் வரைந்து, அதற்குள் விழுந்த அடிகளைக் கையால் தடவி எண்ணும் வழக்கம் இருக்கிறது. அந்த அனுபவத்தை ஓட்டுக்கும் ஷீட்டுக்கும் அப்படியே பொருத்த முடியாது.

காப்பீடு என்று வரும்போது ட்ரோன் படத்தின் மதிப்பு தனியானது. 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பாரத் கிருஹ ரக்ஷா வீட்டுக் காப்பீடு புயல் சேதத்தை ஏற்கிறது, தேய்மானத்தை ஏற்பதில்லை. சேதத்தை மதிப்பிட வரும் காப்பீட்டுச் சர்வேயர் கேட்கும் முதல் கேள்வி, இந்த உடைப்பு புயலில் வந்ததா, முன்பே இருந்ததா என்பதுதான். தேதியும் இடக்குறியும் பதிந்த படத்தில் சிவந்த புதிய விளிம்பு தெரிந்தால் பேச்சு சுருங்கிவிடும். அதைவிட வலுவான சான்று, புயலுக்கு முன் எடுத்த படம். செப்டம்பர் மாதத்தில், பருவமழை தொடங்குவதற்கு முன், காற்றில்லாத ஒரு காலையில் பத்து நிமிடம் பறக்கவிட்டு இரு சாய்வுகளையும் நான்கு மூலைகளையும் எடுத்து வைத்துக்கொண்டால், பின்னர் அதே கோணத்தில் எடுக்கும் படத்தோடு ஓடு ஓடாக ஒப்பிடலாம். ஒரு தெருவுக்கே சேர்த்து ஒருவரை அழைத்தால் செலவும் பங்காகும். புயலுக்குப் பின் மேலும் நனையாமலிருக்கத் தார்ப்பாய் போடுவதைத் தள்ளிப்போட வேண்டாம். ஆனால், தார்ப்பாய் மூடுவதற்கு முன் கழியில் கட்டிய கைபேசியிலாவது ஒரு படம் எடுத்துவிடுங்கள், உடைந்த ஓடுகளையும் கழற்றிய போல்ட்டுகளையும் சர்வேயர் வந்து பார்க்கும் வரை சுவரோரம் ஒரு சாக்கில் போட்டு வையுங்கள்.