மெக் மாட் துலக்க புளியா, பாலிஷா, ஆல்கஹாலா?

செம்பு, பித்தளை மெக் மாட் (பேட்டரியில் ஓடும் குழாய் வடிவ இ-சிகரெட்) வாங்கியவர்கள் முதலில் கேட்பது “எதைப் போட்டுத் தேய்த்தால் பளபளக்கும்” என்றுதான். பளபளப்பு அப்புறம். இந்தக் குழாய்க்குள் சிப் கிடையாது, ஷார்ட் ஆனால் தடுத்து நிறுத்த ஆள் இல்லை. பட்டனை அழுத்தினால் 18650 பேட்டரியின் கரண்ட் நேராகக் காயிலுக்கு, அதாவது ஜூஸ் எனும் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச்சுருளுக்குப் போகும். முழு சார்ஜில் 4.2 வோல்ட், காயில் 0.2 ஓம் என்று வைத்தால் 21 ஆம்பியர், அவ்வளவும் பட்டன் முனை, மரை வழியாகத்தான் ஓடியாக வேண்டும், அங்கே களிம்போ பிசுக்கோ இருந்தால் வோல்டேஜ் அங்கேயே இறங்கி அந்த இடம் சூடாகும். ஆவி குறைந்ததும் பேட்டரியைத் திட்டாமல் மரையைப் பாருங்கள்.

என் ஓட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலுக்கு, 90 சதவீதத்துக்கு மேல் உள்ளது. பேட்டரியை வெளியே எடுத்து வைத்துவிட்டு, எல்லாவற்றையும் கழற்றி, காது குடையும் பஞ்சுக் குச்சியில் நனைத்து மரை, பட்டன் முனை, மேல்மூடியின் உள்பக்கம் என்று துடைத்தால் ஜூஸ் பிசுக்கு, பழைய கிரீஸ் எல்லாம் வந்துவிடும், சீக்கிரம் காய்ந்தும் போகும். ஆனால் களிம்பை இது தொடாது, கறுத்த செம்பு கறுத்தபடியே இருக்கும். பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

களிம்புக்கு நம் வீட்டுப் புளியே போதும், குத்துவிளக்குக்குச் செய்வதுதான், கொஞ்சம் உப்பு சேர்த்துத் தேய்த்தால் அமிலம் கறுப்பைக் கரைத்துவிடும். ஒரே தொல்லை, புளியின் நாரும் சக்கையும் மரைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அதனால் வெளிக்குழாய்க்குப் புளி, மரைக்கு எலுமிச்சைச் சாறோ வினிகரோ. ஊறப் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்! பித்தளை அமிலத்தில் வெகுநேரம் கிடந்தால் துத்தநாகம் கரைந்து மேற்பரப்பு இளஞ்சிவப்பாகிவிடும். தேய்த்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீரில் இன்னொரு முறை அலசி, உடனே துடைத்துவிட வேண்டும், ஈரத்தோடு விட்டால் திரும்பவும் கறுக்கும்.

பிராஸோ மாதிரி பாலிஷ் போட்டால் கண்ணாடி மாதிரி மின்னும், அதில் புளி போட்டிபோட முடியாது. ஆனால் அது நுண்பொடியால் உலோகத்தைத் தேய்த்தெடுத்துத்தான் மினுக்குகிறது. பட்டன் முனையில் வெள்ளி முலாம் இருந்தால் அதையும் சேர்த்துத் தேய்த்துவிடும், முலாம் போட்டதே கரண்ட் நன்றாகப் பாயத்தான். மரையில் மிச்சமிருக்கும் பசையும் கரண்டுக்குத் தடை. லாக்கர் (வார்னிஷ் மாதிரியான மேல்பூச்சு) பூசிய குழாயாக இருந்தால் புளியும் வேண்டாம், பாலிஷும் வேண்டாம். ஆக, பாலிஷ் வெளியே மட்டும், அதுவும் ஆசைக்கு எப்போதாவது. களிம்பேறிய நிறமே அழகு என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு, வெளிப்பக்கம் எப்படி இருந்தாலும் மாட் ஓடும்.

எதைப் போட்டுத் துலக்கினாலும் திரும்ப மாட்டும்போது சில விஷயங்களைப் பார்த்தே ஆக வேண்டும். பட்டன் அழுத்தி விட்டதும் தானாகத் திரும்பி வருகிறதா, காற்றுத் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா, பேட்டரி உறை எங்காவது கிழிந்திருக்கிறதா (கிழிந்திருந்தால் புது உறை போடாமல் உள்ளே விடாதீர்கள்). ஹைப்ரிட் மேல்மூடி என்றால், அதாவது அட்டமைசர் (காயில் இருக்கும் மேல்பாகம்) நேராகப் பேட்டரியைத் தொடும் வகை என்றால், அதன் நடுமுனை நன்றாக வெளியே நீட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மரை விளிம்பு பேட்டரி தலையில் உட்கார்ந்து நேர் ஷார்ட். 2018 மே மாதம் ஃபுளோரிடாவில் மெக் மாட் வெடித்து ஒருவர் செத்தே போனார், அதனால் இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

இதெல்லாம் பிரிட்டன் மாதிரி அனுமதி உள்ள ஊர்களில் இருப்பவர்களுக்கு. இந்தியாவில் 2019 முதல் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் தடை, சிங்கப்பூரில் 2018 முதல் கையில் வைத்திருந்தாலே குற்றம்.

அல்ட்ராசோனிக் தொட்டி? மரை இடுக்கில் உறைந்த பிசுக்கு கிளம்பிவிடும், உண்மைதான். வெந்நீரில் துளி பாத்திர சோப்பு விட்டால் போதும், தொட்டிக்குள் ஆல்கஹாலை ஊற்றாதீர்கள், அதன் ஆவி தீப்பிடிக்கும். ஒரே ஒரு மாட் வைத்திருப்பவருக்கு அந்தச் செலவு தேவையே இல்லை, பழைய டூத் பிரஷ் போதும்.