டம்ப்ளிங்கா, நூடுல்ஸா?

சின்னச் சீன உணவகத்தில் எனக்கு முதல் தேர்வு ஷாங்காயின் சியாவ்லோங்பாவ்தான்; உள்ளே கறியும் சூப்பும் இருக்கும் டம்ப்ளிங், நம்மூர்க் கொழுக்கட்டை மாதிரி. உள்ளே சூப் எப்படிப் போகிறது? பன்றித் தோலைக் கொதிக்கவைத்த சாறு ஆறினால் கட்டியாகிவிடும். அதைக் கறியோடு சேர்த்து மாவில் மடித்து ஆவியில் வைத்ததும் உருகிவிடுகிறது. கரண்டியில் ஏந்தி, ஓரத்தைக் கடித்து, சாற்றை உறிஞ்சி, அப்புறம் மிச்சத்தைச் சாப்பிட வேண்டும். அவசரப்பட்டால் நாக்கு வெந்துவிடும். தொட்டுக்கொள்ள இஞ்சி போட்ட கறுப்பு வினிகர் கட்டாயம் வேண்டும்.

வடமேற்குச் சீன நகரமான லான்ஜோவின் மாட்டிறைச்சி நூடுல்ஸ், சீனாவின் ஹுய் இன முஸ்லிம்களின் கைவண்ணம். கையால் இழுத்த இழை, தெளிந்த சாறு, முள்ளங்கி, மிளகாய் எண்ணெய். இழையின் தடிமனை நாமே கேட்டு வாங்கலாம். தனியாக, நல்ல பசியோடு போனால் இதுவே சரி. நாலு பேராகப் போனால் டம்ப்ளிங் கூடைகள்தான். நூடுல்ஸைப் பங்கு போடுவதற்குள் ஊறிப்போகும்.