ஒரு பிக்சலும் பிசகாமல்: ஸ்கிரீன்ஷாட் கருவிகள், ஓர் ஒப்பீட்டு அலசல்

ஏதாவது ஒரு மென்பொருள் கையேட்டைத் திறந்து, அதிலுள்ள படங்களை மட்டும் வரிசையாகப் பாருங்கள். ஒரே உரையாடல் பெட்டி மூன்று பக்கங்களில் மூன்று அளவுகளில் இருக்கும். ஒன்றில் இடது ஓரம் வெட்டுப்பட்டிருக்கும். இன்னொன்றில் பின்னால் இருந்த வேறொரு சாளரத்தின் கீற்று ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். மூன்றாவதில் எழுத்துகள் கலங்கிக் கிடக்கும். படிப்பவருக்கு எது பிழை என்று சொல்லத் தெரியாவிட்டாலும், கையேட்டின் மேல் இருந்த நம்பிக்கை குறைந்துவிடும். பிழை அறிக்கையோடு அனுப்பும் படத்துக்கும் இதே கதிதான். நிரலாளர் பார்க்க வேண்டிய ஒரு பிக்சல் விலகலைக் கலங்கிய படம் விழுங்கிவிடும்.

ஸ்கிரீன்ஷாட் கருவிகளை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் வசதிகளை எண்ணுகிறார்கள். நான் அளப்பது வேறு கேள்விகளைக் கொண்டு. தேர்வுச் சட்டத்தின் ஓரத்தை ஒரு பிக்சல் அளவில் நகர்த்த முடிகிறதா? மென்பொருளின் அடுத்த பதிப்பு வந்ததும் அதே சட்டத்தை அதே இடத்தில் மீண்டும் வைக்க முடிகிறதா? திரையில் இருந்த பிக்சல்கள் மாறாமல் கோப்புக்குள் வந்து சேர்கின்றனவா? இவற்றில் இரண்டாவதுதான் எனக்கு முதன்மையானது. ஒரு படத்தைப் பொறுமையாக வெட்டிச் சரிசெய்துவிடலாம். நூறு படங்களைப் பதிப்புக்குப் பதிப்பு ஒரே அளவில் எடுக்கப் பொறுமை மட்டும் போதாது.

விண்டோஸ்: நான்கு கருவிகள்

விண்டோஸ் விசையுடன் ஷிஃப்ட், எஸ் இரண்டையும் அழுத்தினால் வருகிற ஸ்னிப்பிங் டூல், அவசரத்துக்கு நல்ல கருவி. செவ்வகம், சாளரம், முழுத்திரை, விரும்பிய வடிவம் என நான்கு வழிகளில் எடுக்கலாம். திறந்தால்தான் தெரியும் மெனுவைப் பிடிக்க 3, 5, 10 விநாடித் தாமதம் உண்டு. விண்டோஸ் 11-இல் படத்திலுள்ள எழுத்துகளை எடுத்துத் தரும் வசதியும் சேர்ந்திருக்கிறது. ஆனால் மவுஸ் நிற்கும் இடத்தைப் பெரிதாக்கிக் காட்டும் உருப்பெருக்கி இல்லை; போன முறை எடுத்த பகுதியை அப்படியே மீண்டும் எடு என்று சொல்லவும் வழியில்லை. என் இரண்டாவது கேள்வியில் அது தோற்றுப்போகிறது.

அந்த இடத்தில்தான் ஷேர்எக்ஸ் நிமிர்ந்து நிற்கிறது. இலவசம், திறந்த மூலம், விண்டோஸுக்கு மட்டும். பகுதித் தேர்வைத் தொடங்கியதும் திரை உறைந்துவிடும். கர்சருக்குப் பக்கத்தில் ஒரு சிறு உருப்பெருக்கி ஒவ்வொரு பிக்சலையும் தனிக் கட்டமாகக் காட்டும். அம்புக்குறி விசைகளை அழுத்தினால் ஒவ்வொரு பிக்சலாக நகரலாம். பொத்தான், பட்டை போன்ற உறுப்புகளின் மேல் மவுஸைக் கொண்டுபோனால் பல மென்பொருள்களில் அதன் எல்லையைத் தானே கண்டுபிடித்துச் சட்டமிடும். கடைசியாக எடுத்த பகுதியை ஒரே சொடுக்கில் மீண்டும் எடுக்கலாம். இடமும் அளவும் எண்களாகக் கொடுத்து நிரந்தரப் பகுதி ஒன்றையும் வைத்துக்கொள்ளலாம். கையேடு எழுதுபவருக்கு இந்தக் கடைசி வசதி ஒன்றே போதும், ஷேர்எக்ஸை நிறுவுவதற்கு.

அதன் குறை, அமைப்புப் பக்கங்களின் அடர்த்தி. முதல் முறை திறப்பவர் மிரண்டுவிடுவார். எடுத்த படத்தை இணையத்தில் ஏற்றும் பணிகளும் அதற்குள் இருப்பதால், நிறுவியதும் 'எடுத்த பின் செய்ய வேண்டியவை' பட்டியலைத் திறந்து, ஏற்றும் வேலை நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அலுவலகத் திரைகளைப் படமெடுப்பவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

சாளரத்தை முழுதாக எடுக்கும்போது ஒரு நுணுக்கம் இருக்கிறது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் சாளரத்தைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு விளிம்பு உண்டு. மவுஸால் பிடித்து இழுக்க வசதியாக வைத்த விளிம்பு அது. அதையும் சாளரத்தின் பகுதியாகக் கணக்கிடும் கருவிகள், இடம், வலம், கீழ் ஆகிய மூன்று பக்கங்களிலும் பின்னணியின் மெல்லிய பட்டையைச் சேர்த்தே எடுத்துவிடும். விண்டோஸ் 11-இல் சாளர மூலைகள் வளைந்திருப்பதால், சட்டம் சரியாக விழுந்தாலும் நான்கு மூலைகளில் பின்னாலிருக்கும் வால்பேப்பரின் துணுக்குகள் எட்டிப்பார்க்கும். ஷேர்எக்ஸ் இதற்கு அழகான வழி வைத்திருக்கிறது. சாளரத்தின் பின்னால் ஒரு முறை வெள்ளையும் ஒரு முறை கறுப்பும் வைத்து இரண்டு படம் எடுத்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து எந்தப் பிக்சல் எவ்வளவு ஒளிபுகும் என்று கணக்கிட்டு, மூலைகள் ஒளிபுகும் பிஎன்ஜி (பிக்சல்களை மாற்றாமல் சேமிக்கும் பட வடிவம்) கோப்பாகத் தருகிறது. மற்றக் கருவிகளை வைத்திருப்பவர்கள், பின்னால் வெறும் நோட்பேடை முழுத்திரையாக விரித்துவிட்டு எடுக்கலாம். வெள்ளைப் பக்கத்தில் ஒட்டப்போகும் படமென்றால் மூலைகள் உறுத்தாது.

கிரீன்ஷாட் எளிமையானது, கனமில்லாதது. இசட் விசையை அழுத்தினால் உருப்பெருக்கி வரும், இன்னொரு முறை அழுத்தினால் போகும். ஷிஃப்டுடன் பிரிண்ட் ஸ்கிரீன் அழுத்தினால் கடைசிப் பகுதி மறுபடி கிடைக்கும். துல்லியத்தில் ஷேர்எக்ஸுக்கு அருகில் வருகிறது. அமைப்புகளில் சிக்கிக்கொள்ள விரும்பாதவருக்கு நான் இதையே கொடுப்பேன். 2017-இல் வந்த 1.2.10 பதிப்புக்குப் பிறகு நீண்ட காலம் புதிய பதிப்பு வராமல் கிடந்ததால் பலர் இதை மறந்துவிட்டார்கள் என்பதுதான் வருத்தம்.

ஸ்னாகிட் கட்டண மென்பொருள். படம் எடுப்பதற்காக மட்டும் அதற்குப் பணம் கொடுப்பது வீண் என்பது என் முடிவு, ஏனென்றால் எடுக்கும் துல்லியத்தில் இலவசக் கருவிகள் குறைந்துபோகவில்லை. அதன் வலிமை எடுத்த பிறகுதான் தெரிகிறது. அம்புகள், எண் வட்டங்கள், விளக்கக் குமிழிகள் எல்லாம் அதன் சொந்தக் கோப்பு வடிவத்தில் தனித்தனி அடுக்குகளாக நிற்கும். பொத்தான் இடம் மாறினால் அம்பை மட்டும் நகர்த்தலாம். கையேட்டை இன்னொரு மொழிக்குக் கொண்டுபோகும்போது குமிழிக்குள் இருக்கும் எழுத்தை மட்டும் மாற்றலாம். பல கைகள் சேர்ந்து உருவாக்கும் பெரிய கையேட்டுக்கு இது செலவுக்கு ஈடான வசதி; தனியாளுக்கு அவ்வளவு தேவையில்லை.

மேக்: உள்ளேயே இருக்கிறது

மேக் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் எதையும் நிறுவ வேண்டாம். கமாண்ட், ஷிஃப்ட், 4 அழுத்தியதும் வரும் குறுக்குக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பிட எண்கள் தெரியும். இழுக்கத் தொடங்கியதும் அவை அகலம், உயரமாக மாறும். மவுஸை விடாமல் ஸ்பேஸ் விசையைப் பிடித்தால் வரைந்த சட்டம் முழுவதும் நகரும். ஷிஃப்டைப் பிடித்தால் ஒரு திசையில் மட்டும் நீளும். ஆப்ஷனைப் பிடித்தால் நடுவிலிருந்து விரியும். இழுக்கும் முன்பே ஸ்பேஸை அழுத்தினால் சாளரத் தேர்வுக்கு மாறிவிடும். அப்படி எடுக்கும் படத்தைச் சுற்றி ஒரு நிழல் சேரும். நிழல் அழகுதான், ஆனால் அளவுகளை ஒப்பிட வேண்டிய இடத்தில் அது தொல்லை. ஆப்ஷனை அழுத்தியபடி சொடுக்கினால் நிழல் வராது.

2018-இல் மொஹாவி பதிப்புடன் வந்த கமாண்ட், ஷிஃப்ட், 5 பட்டையில் கடைசித் தேர்வை நினைவில் வைக்கும் வசதி இருக்கிறது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் சாளரத்தில் உள்ள ஸ்கிரீன்கேப்சர் கட்டளைக்கு இடமும் அளவும் எண்களாகக் கொடுத்தும் எடுக்கலாம். ஆக, மேக்கில் இரண்டாவது கேள்வி தீர்ந்துவிடுகிறது. உருப்பெருக்கி இல்லாத குறை மட்டும் மிச்சம்.

மேக்கில் கவனிக்க வேண்டியது வண்ணம். அங்கே எடுக்கும் படத்தில் அந்தத் திரையின் வண்ண விவரம் பதிந்துவரும். நீலப் பொத்தானின் வண்ண எண்ணை அந்தப் படத்திலிருந்து எடுத்தால், வடிவமைப்பாளர் கொடுத்த எண்ணோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். வண்ணம்தான் பேச்சு என்றால் முதலில் படத்தை எஸ்ஆர்ஜிபி என்ற பொது வண்ண வரையறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். விண்டோஸில் இதற்கு இணையான சிக்கல், எச்டிஆர் (ஒளி வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் முறை) இயங்கும் திரை. அதை அணைக்காமல் எடுத்தால் படம் வெளிறிப்போக வாய்ப்புண்டு.

லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்டும் அமைப்புகள் இரண்டு: பழைய எக்ஸ்11, புதிய வேலண்ட். எக்ஸ்11-இல் இருப்பவர்களுக்கு ஃபிளேம்ஷாட் கருவியைத் தயங்காமல் சொல்லலாம். அம்புக்குறிகளால் தேர்வை ஒரு பிக்சல் நகர்த்தலாம், ஷிஃப்டுடன் அழுத்தி ஒரு பிக்சல் நீட்டலாம். வேலண்டில் நிலைமை வேறு. ஒரு மென்பொருள் மற்றொன்றின் திரையைத் தன்னிச்சையாகப் படிக்க அது விடாது. பாதுகாப்புக்கு நல்லது, வெளிக்கருவிகளுக்குச் சிரமம். அங்கே கேடிஇ மேசைச் சூழலின் ஸ்பெக்டகிள், க்னோம் மேசைச் சூழலில் 2022-இல் வந்த 42-ஆம் பதிப்பு முதல் உள்ளேயே இருக்கும் கருவி என அந்தந்தச் சூழலோடு வருபவையே தகராறில்லாமல் வேலை செய்கின்றன.

வலைப்பக்கத்துக்குத் திரையைப் பிடிக்காதீர்கள்

மேலே சொன்ன எல்லாக் கருவிகளையும் விட, வலைப்பக்கங்களைப் பொறுத்தவரை பிரவுசரே துல்லியமானது. பலர் இதைப் பயன்படுத்துவதே இல்லை என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. மற்றக் கருவிகளுக்கு ஒரு பெட்டியின் ஓரம் எங்கே என்று நாம் காட்ட வேண்டும்; பக்கத்தை வரைந்ததே பிரவுசர் என்பதால் அதற்கு அந்த ஓரம் முன்பே தெரியும். குரோமில் பக்கத்தின் உள்ளமைப்பைக் காட்டும் டெவலப்பர் கருவிகளைத் திறந்து, அங்கே உள்ள உறுப்புப் பட்டியலில் வேண்டிய உறுப்பை வலச்சொடுக்கினால், அந்த உறுப்பை மட்டும் படமாக்கும் கட்டளை இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் அதன் சொந்த ஸ்கிரீன்ஷாட் வசதியைத் திறந்து, பகுதியின் மேல் மவுஸை வைத்தாலே சட்டம் விழுந்துவிடும். உறுப்பின் பெட்டிக்கு வெளியே விழும் நிழல் மட்டும் குரோமின் படத்தில் அறுபடும். நிழலும் வேண்டுமென்றால் அதைச் சுற்றியுள்ள வெளி உறுப்பைத் தேர்ந்தெடுங்கள்.

இதில் எனக்கு மிகப் பிடித்தது, குரோமின் கருவிகளில் திரையகலத்தையும் பிக்சல் விகிதத்தையும் (பக்கத்தின் ஒரு பிக்சல் அகலத்துக்குப் படத்தில் எத்தனை பிக்சல் என்பது) நாமே குறிக்கலாம் என்பது. அகலம் 1280, விகிதம் 2 என்று வைத்து எடுத்தால் 2560 பிக்சல் அகலப் படம் வரும். மேசையில் இருப்பது பழைய திரையோ புதிய திரையோ, படம் மாறாது. முழுப்பக்கத்தை எடுக்கும்போதும், உருட்டி உருட்டித் துண்டுகளைத் தைக்கும் கருவிகளில் மேலே ஒட்டியிருக்கும் தலைப்புப் பட்டை துண்டுக்குத் துண்டு திரும்ப வரும். பிரவுசர் முழுப்பக்கத்தையும் ஒரே மூச்சில் வரைவதால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. உருட்டினால்தான் இறங்கும் படங்கள் வெற்றிடமாக நிற்கக்கூடும் என்பதால், எடுக்குமுன் ஒருமுறை அடிவரை உருட்டிவிட்டு வாருங்கள்.

நூற்றுக்கணக்கான படங்களைப் பதிப்புதோறும் எடுப்பவர்கள் பிளேரைட் போல, பிரவுசரை நிரல் மூலம் இயக்கும் தானியக்கக் கருவிக்குப் போவதே சரி. துடிக்கும் எழுத்துக் கர்சரைத் தானாக மறைக்கிறது, அசைவூட்டங்களை நிறுத்தச் சொல்லலாம், மறைக்க வேண்டிய உறுப்பைச் சொன்னால் வண்ணப் பெட்டியால் மூடிவிடுகிறது. நிரல் எழுதத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எடுத்த பின் கெடுக்காமல்

சரியாக எடுத்த படத்தைச் சேமிக்கும்போது பாழாக்குவதுதான் மிகுதி. ஜேபெக் புகைப்படத்துக்காக உருவானது. படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது; பெரும்பாலும் வண்ணத்தைப் பாதித் தெளிவில்தான் வைக்கிறது. வானத்துக்கு அது போதும். வெள்ளையில் சிவப்பு எழுத்துக்கு அது எமன்: எழுத்தைச் சுற்றிப் புழுதி படர்ந்ததுபோல் ஆகிவிடும். பிஎன்ஜி ஒரு பிக்சலையும் மாற்றாது. செய்திச் செயலிகளில் அனுப்பும்போது படமாக இல்லாமல் கோப்பாக இணைத்தால்தான் அந்தப் பிஎன்ஜி பிழைக்கும்.

அளவைக் குறைப்பது அடுத்த ஆபத்து. படத்தை 73 விழுக்காட்டுக்குச் சுருக்கினால் ஒரு பிக்சல் கோடுகள் சில மங்கும், சில தடிக்கும். இடம் போதவில்லையென்றால் படத்தைச் சுருக்காமல், எடுக்கும் முன்பே சாளரத்தைச் சுருக்குங்கள். பெரிதாக்க வேண்டுமென்றால் 200 அல்லது 300 விழுக்காடு என முழு மடங்காக, அண்டைப் பிக்சலை அப்படியே நகலெடுக்கும் முறையில் பெரிதாக்குங்கள்.

மறைக்க வேண்டிய தகவலுக்கு மங்கலாக்கும் கருவியை நம்பாதீர்கள். கட்டம் கட்டமாக்கிய எழுத்தை ஊகித்து மீட்கும் வழிகள் இருக்கின்றன. வெட்டியெறிந்ததும் எப்போதும் போய்விடுவதில்லை: விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலில், வெட்டிய படத்தை அதே கோப்பின் மேல் சேமித்தால் பழைய தரவின் மிச்சம் கோப்பின் கடைசியில் தங்கிவிடுவதும், அதிலிருந்து வெட்டிய பகுதியை ஓரளவு மீட்க முடிவதும் 2023 மார்ச்சில் வெளிவந்தது. மைக்ரோசாஃப்ட் அதே மாதம் திருத்தம் கொடுத்தது. ஒளிபுகாத முழுக்கறுப்புப் பெட்டியால் மூடி, அடுக்குகளை ஒன்றாக்கிப் புதிய கோப்பாகச் சேமிப்பது பாதுகாப்பு. அதைவிட நல்லது, எடுக்கும் முன்பே மாற்றிவிடுவது. வலைப்பக்கமென்றால் டெவலப்பர் கருவிகளில் அந்த எழுத்தின் மேல் இருமுறை சொடுக்கி, உண்மையான பெயர் இருக்கும் இடத்தில் ஒரு மாதிரிப் பெயரைத் தட்டச்சு செய்துவிட்டு எடுங்கள். பெட்டிகளும் கட்டங்களும் இல்லாத சுத்தமான படம் கிடைக்கும், மறைத்ததை மீட்க அதற்குள் எதுவும் இருக்காது.