ஸ்டாக்ஹோம் தீவுக்கூட்டம்: துறைப்படகா, பாய்மரப் படகா, கயாக்கா?

ஸ்டாக்ஹோமுக்குக் கிழக்கே, வடக்கில் ஆர்ஹோல்மாவிலிருந்து தெற்கில் லாண்ட்சோர்ட் வரை ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளத்துக்குப் பால்டிக் கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளையும் திட்டுகளையும் பாறைகளையும் சேர்த்து எண்ணினால் 30,000 தேறும் என்பார்கள். அங்கே போகிறவர்கள் எந்தத் தீவுக்குப் போவது என்று முதலில் கேட்கிறார்கள். எந்தப் படகில் போவது என்பதை முடிவு செய்துவிட்டால் அந்தக் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். படகு நீருக்குள் எவ்வளவு அமிழ்கிறது, கரையில் எப்படி ஒட்டுகிறது என்ற இரண்டும்தான் அது நம்மை எங்கே இறக்கிவிட முடியும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

வரைபடத்தில் உள்ள பெயர்களே இதற்கு ஒரு துப்புத் தருகின்றன. சுவீடிய மொழியில் பெரிய தீவின் பெயர் 'ஓ' என்று முடியும்; மரம் செடி உள்ள சிறு தீவு 'ஹோல்மே'; பாறையாகக் கிடக்கும் திட்டு 'ஷேர்'; அலைக்கு மேல் முதுகு காட்டும் மொட்டைப் பாறை 'கொப்பே'. பெயர் எல்லா இடத்திலும் அளவுக்குப் பொருந்துவதில்லை. பனியுகத்துப் பனிப்பாறையின் பாரம் நீங்கிய நிலம் இன்றும் ஆண்டுக்கு அரை சென்டிமீட்டர் அளவில் உயர்ந்துகொண்டிருப்பதால், முன்பு தனித்தனியாக இருந்த பல திட்டுகள் இப்போது ஒன்றாகி ஒரே பெயரைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. ஆனாலும் பொதுவாகச் சொன்னால், துறைப்படகு 'ஓ'க்களுக்கு உரியது, பாய்மரப் படகு 'ஹோல்மே'க்களுக்கு உரியது, 'ஷேர்' என்றும் 'கொப்பே' என்றும் முடியும் இடங்களுக்கு, உட்கார்ந்து துடுப்புப் போட்டுச் செல்லும் ஒடுக்கமான சிறு படகான கயாக்தான் பொருத்தமானது.

துறைப்படகு என்று நான் குறிப்பிடுவது, 1869-ல் தொடங்கப்பட்ட வாக்ஸ்ஹோல்ம்ஸ்போலாகெட் நிறுவனத்தின் வெள்ளைக் கப்பல்களை. இவை சுற்றுலாவுக்காக மட்டும் ஓடுபவை அல்ல. தீவுவாசிகளுக்கு இவைதான் பேருந்து. அவர்களுடைய காய்கறிப் பெட்டியும் கட்டில் மெத்தையும் நாயும் நம்மோடு சேர்ந்தே பயணம் செய்யும். சிறு துறைகளில் கப்பல் பக்கவாட்டில் வந்து கட்டப்படுவதில்லை. மூக்கைத் துறையின் மேல் முட்டுக்கொடுத்து நிற்க, முன்பக்கத்திலிருந்து ஒரு நடைபலகை நீளும். ஆட்கள் இறங்கி ஏறியதும் அது பின்வாங்கிப் போய்விடும். எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

அந்த இரண்டு நிமிடம் தானாக வருவதும் இல்லை. துறையோரக் கம்பத்தில் ஒரு வெள்ளை வட்டத் தகடு இருக்கும். ஏற வேண்டியவர் அதைத் தூக்கி நிறுத்தினால்தான் மாலுமி துறைப்பக்கம் திரும்புவார். ஏறும்போது அதை மறக்காமல் இறக்கிவிடவும் வேண்டும். முதல் பயணத்தில் இது தெரியாமல், பெட்டியோடு துறையில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்த என்னைத் தாண்டிக் கப்பல் நேராகப் போயிற்று. மாலைப் படகு வரும்வரை அந்தத் தகட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

துறைப்படகின் பலம் மனிதர்கள் வாழும் தீவுகளில் இருக்கிறது. உட்டோ தீவை எடுத்துக்கொள்ளலாம். ஓர்ஷ்டா துறையிலிருந்து முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். இடைக்காலம் முதல் 1879 வரை இரும்பு வெட்டிய சுரங்கக் குழிகள் இன்று பச்சைத் தண்ணீர் நிறைந்து கிடக்கின்றன. அதே சுரங்கத்திலிருந்து வந்த பெடலைட் கனிமத்தைப் பகுத்தபோதுதான், 1817-ல் சுவீடிய வேதியியலாளர் ஆர்ஃப்வெட்சன் லித்தியம் என்ற புதிய தனிமத்தைக் கண்டறிந்தார். நம் கைப்பேசி மின்கலத்தின் வேதியியலுக்கு இந்தச் சிறு தீவில் ஒரு பூர்வீக வீடு இருப்பதாகவே எனக்குத் தோன்றும். 1719-ல் உருசியக் கடற்படை வந்து இத்தீவுக்கூட்டத்தின் ஊர்களைக் கொளுத்திவிட்டுப் போன கதையும் இத்தகைய தீவுகளில்தான் காதில் விழும். ஆள் இல்லாத பாறையில் கேட்பதற்கு இப்படிக் கதைகள் கிடைக்கா. குறை என்னவென்றால், துறை இல்லாத இடத்தில் இந்தப் படகு இல்லை. அட்டவணை சொல்லும் நேரத்துக்கு முன்பும் பின்பும் இல்லை.

பாய்மரப் படகு இந்த இரண்டு கட்டுகளையும் அவிழ்த்துவிட்டு வேறு இரண்டைப் போடுகிறது. முதலாவது ஆழம். வாடகைக்குக் கிடைக்கும் படகுகளின் கீல், அதாவது அடிப்பக்கத்துத் துடுப்பு போன்ற பகுதி, பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை நீருக்குள் நீளும். கடலடியில் மறைந்திருக்கும் பாறைகளோ கணக்கில் அடங்காதவை. கடல்வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்காத ஒருவரும், சுக்கானில் ஒருவரும், கரை நெருங்கும்போது முன்முனையில் குனிந்து தண்ணீருக்குள் பார்க்கும் ஒருவருமாக மூன்று பேர் இருந்தால்தான் நிம்மதி. இரண்டாவது செலவு. பல இடங்களில் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை என்று வாரக் கணக்கில்தான் தருகிறார்கள். 12 மீட்டர் நீளத்தையும் 4 மீட்டர் அகலத்தையும் தாண்டாத படகுக்குச் சுவீடனில் உரிமம் தேவையில்லை என்றாலும், வாடகைக்குத் தருபவர் அனுபவத்துக்குச் சான்று கேட்பது வழக்கம், கேட்பது நியாயமும்கூட.

இவ்வளவையும் பொறுத்துக்கொள்பவருக்குக் கிடைக்கும் பரிசு, இயற்கைத் துறையில் கழிக்கும் இரவு. பால்டிக்கில் ஓதம் ஏறி வற்றுவது இல்லை என்றே சொல்லலாம். காற்றும் காற்றழுத்தமும் மாறினால் நீர்மட்டம் மெல்ல ஏறி இறங்கும், அவ்வளவுதான். அதனால் படகைப் பாறையிலேயே கட்டிவிட்டுத் தூங்கலாம். கரைக்கு முப்பது நாற்பது மீட்டர் முன்பே பின்பக்கத்து நங்கூரத்தைப் போட்டு, அதன் கயிற்றை விட்டுக்கொண்டே ஊர்ந்து வந்து, மூக்குப் பாறையைத் தொடும் நொடியில் ஒருவர் கயிறோடு குதித்து மரத்திலோ பாறைப் பிளவில் அடித்த ஆப்பிலோ கட்டுவார். ஆனால் இதற்குச் செங்குத்தாக நீருக்குள் இறங்கும் பாறை வேண்டும். சரிவாக நீளும் பாறையில் கீல் தட்டிவிடும். நள்ளிரவில் காற்றுத் திசை மாறினால் எழுந்து இடம் மாற்றவும் வேண்டும். பாய்மரப் படகில் கழிந்த இரவை யாராவது முழுத் தூக்கம் என்று சொன்னால் நான் நம்புவதில்லை. மோட்டார் படகைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: தூரத்தை விழுங்கும், சத்தம் போடும், வேகக் கட்டுப்பாடு உள்ள குறுகிய கால்வாய்களில் அதன் ஒரே அனுகூலத்தையும் இழந்துவிடும்.

கயாக்குக்குக் கையளவு தண்ணீர் போதும். ஐந்து மீட்டர் நீளக் கடல் கயாக் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்திலேயே மிதக்கும் என்பதால், மற்ற படகுகளை அச்சுறுத்தும் ஆழமற்ற இடங்கள் அதற்கு ராஜபாட்டை ஆகிவிடுகின்றன. நூற்றுக்கணக்கான திட்டுகள் கொத்தாகக் கிடக்கும் ஸ்டோரா நஸ்ஸாவின் இடுக்குகளுக்குள் முழங்கை பாறையில் உரசும்படி நுழைந்து போகலாம். தனியாருடைய நிலத்திலும் நடக்கவும், ஓரிரு இரவு கூடாரம் அடிக்கவும் யாவருக்கும் உரிமை தரும் சுவீடிய மரபு கயாக் ஓட்டிக்குத்தான் முழுதாகப் பயன்படுகிறது. வீடுகளுக்கு அருகே தங்கக் கூடாது. வெறும் பாறையின் மேல் தீ மூட்டவும் கூடாது. சூட்டில் பாறை வெடித்துச் சிதறும், அந்தக் காயம் பிறகு ஆறுவதில்லை.

கயாக்கின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. பழகாதவர் நாளொன்றுக்கு 15 முதல் 20 கிலோமீட்டர் போனால் அதிகம். பால்டிக்கின் உப்பு பெருங்கடலில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் குடிக்க ஆகாது, ஆகவே தண்ணீரைச் சுமந்தே போக வேண்டும். மே மாதக் கடல் பத்துப் பாகை செல்சியசுக்கும் கீழே இருக்கக்கூடும். கவிழ்ந்தால் நீச்சல் தெரிந்தவருக்கும் ஆபத்து. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பின்லாந்துக்குப் போகும் பெரும் பயணிகள் கப்பல் தொலைவில் சத்தமில்லாமல் கடந்து சென்ற பிறகு, கரையோரத் தண்ணீர் திடீரென உள்வாங்கி மறுபடி பொங்கி வரும். பாறையில் அரைகுறையாக இழுத்துவிட்ட கயாக்கை அந்தப் பொங்கல் அலுங்காமல் தூக்கிக்கொண்டு போய்விடும். எனவே கப்பல் பாதைக்கு அருகே கரையேறினால், சோம்பல் பார்க்காமல் இன்னும் நான்கடி மேலே இழுத்து வைப்பது நல்லது.

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் என் விடை கலப்பானது. நான்கு நாள் கையில் உள்ளவர் துறைப்படகில் மோயா போன்ற ஒரு நடுத்தீவுக்குப் போய்த் தங்கி, அங்கேயே கயாக் எடுத்துக்கொண்டு பகலில் சுற்றியுள்ள திட்டுகளுக்குப் போய் வரலாம். நகரத்துக்கு அருகில் உள்ள தீவுகளைத் துடுப்புப் போட்டுக் கடப்பதில் பெரிய இன்பம் இல்லை. அந்தத் தூரத்தைக் கப்பல் கடந்து தரட்டும். பாய்மரப் படகு, ஏற்கெனவே படகோட்டத் தெரிந்த நண்பர் குழுவுக்கு மட்டும். அதுவும் புல்லரோ போன்ற வெளிப்புறத் தீவுகளை நோக்கிப் போவதானால்தான் செலவுக்குத் தகும். பறவைகளை ஓவியமாகத் தீட்டிய புரூனோ லில்யெஃபோர்ஸ் 1908-ல் அந்தத் தீவை விலைக்கு வாங்கினார் என்ற தகவல், அங்கே எந்தக் காலத்தில் போக வேண்டும் என்பதையும் நினைவூட்டுகிறது.

கூடு கட்டும் பறவைகளுக்காகப் பல திட்டுகளில் பிப்ரவரி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை கால் வைக்கவும் அருகே நெருங்கவும் தடை உண்டு. கயாக் எடுப்பவர் ஜூலையில் போனால் தாம் விரும்பிய மொட்டைப் பாறைகளில் பலவற்றைத் தள்ளி நின்றே பார்ப்பார். ஆகஸ்ட் பிற்பகுதியில் தடை விலகிவிடும், தண்ணீரிலும் இன்னும் கோடைச் சூடு மிச்சம் இருக்கும். ஆனால் அதற்குள் துறைப்படகின் கோடை அட்டவணை மெலியத் தொடங்கிவிடும். ஜூனில் இரவு பத்து மணிக்குப் பிறகு மறைந்த சூரியன் எட்டரைக்கு முன்பே போய்விடும். அப்போது போகிறவர்கள் பையில் ஒரு டார்ச் விளக்கை மேலாக வைத்துக்கொள்ள வேண்டும். இருட்டில் வட்டத் தகடு யாருக்கும் தெரியாது. வரும் கப்பலை நோக்கி விளக்கை விட்டு விட்டு எரித்துக் காட்டினால்தான் அது துறைப்பக்கம் மூக்கைத் திருப்பும்.