இலங்கைத் தென்னஞ்சாராயம்: எந்தப் போத்தல், எதோடு, எப்படி

சாராயம் என்றதும் தமிழ்நாட்டுக்காரருக்குப் பாக்கெட்டும் ஊறலும்தான் நினைவுக்கு வரும். பாக்கு நீரிணையைத் தாண்டினால் அதே சொல்லின் மதிப்பே வேறு. கொழும்பு நட்சத்திர ஹோட்டலின் பாரிலும் இருக்கும், கல்யாண வீட்டுக் கொல்லைப்புறத்திலும் இருக்கும். லெபனான் பக்கத்து சோம்பு வாசனை 'அரக்' இதுவல்ல. கரும்புப் பாகில் காய்ச்சும் ஜாவாவின் பட்டேவியா அரக்கும் இதுவல்ல. வெளிநாட்டு பார்களில் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள். 'சிலோன் கோகனட் அரக்' என்று முழுப்பெயர் சொல்லிக் கேட்பது நல்லது.

கச்சாப்பொருள் கள்ளு ஒன்றுதான். விரியாத தென்னம்பாளையைக் கட்டி, சில நாள் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவி, கள் வடிய ஒரு பானையைக் கட்டுகிறார்கள், அதுதான் முட்டி. களுத்துறை, வாதுவைப் பக்கம் போனால் மரத்துக்கு மரம் இரட்டைத் தும்புக்கயிறு ஓடுவதைப் பார்க்கலாம். கீழ்க்கயிற்றில் கால், மேல்கயிற்றில் கை. இறங்காமலே அடுத்த மரத்துக்குப் போய்விடுவார்கள். காற்றிலும் முட்டியிலும் உள்ள ஈஸ்டே சில மணி நேரத்தில் கள்ளைப் புளிக்க வைத்துவிடும். ஏறக்குறைய ஒரு நாளுக்குள் வடிசாலைக்குப் போகாவிட்டால் அது வினாகிரியை நோக்கிப் போகத் தொடங்கும். வடித்ததைப் பெரிய மரத்தொட்டிகளில் வைத்து முதிர்விப்பார்கள். மரம் ஹல்மில்ல, தமிழில் சாவண்டலை. இது ஓக் மரத்தைப் போல வனிலா வாசத்தை ஏற்றுவதில்லை. சாராயத்தின் முரட்டுத்தனத்தைத்தான் குறைக்கும். நிறத்தைப் பார்த்து வயதைக் கணிக்க வேண்டாம். பழுப்பு நிறம் பல போத்தல்களில் கரமலிலிருந்து வருவது.

வைன் ஸ்டோர்ஸ் என்ற மதுக்கடையில் தடுமாறும் இடம் இதுதான். அலமாரி முழுக்க 'அரக்' என்றே எழுதியிருக்கும். ஆனால் எல்லாமே தென்னை அல்ல. மலிவு வகைகளில் பெரும்பகுதி நடுநிலை மதுசாரம், அதாவது மணமும் குணமும் இல்லாத வெறும் ஸ்பிரிட். வாசத்துக்குக் கொஞ்சம் தென்னஞ்சாராயம் சேர்ந்திருக்கும். இலங்கையில் அதிகம் விற்பதும் இந்த ரகம்தான். கோலாவில் கரைத்துக் குடிப்பதானால் அதில் குறையில்லை. சுவை பார்க்க வந்தவருக்கு அது போதாது. டிஸ்டிலரீஸ் கம்பெனியின் வி.எஸ்.ஓ.ஏ. (வெரி ஸ்பெஷல் ஓல்ட் அரக்) நம்பி எடுக்கக்கூடிய முதல் போத்தல். 1924இல் தொடங்கிய ரொக்லண்ட் நிறுவனத்தின் சிலோன் அரக், ஏற்றுமதிக்காக 40 வீத வீரியத்தில் வருவது, கொக்டெயிலுக்குச் சரியான முறுக்கு. உள்ளூர் வகைகள் பல அதைவிட இளகியவை. அவற்றில் ஐஸை உருகவிட்டால் தண்ணீராகிவிடும். லேபிளில் வீரியத்தையும் மூடியில் மதுவரித் திணைக்களத்தின் ஸ்டிக்கரையும் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். சந்தேகமாக இருந்தால் கால் போத்தல் வாங்கிச் சோதிக்கலாம்.

முதல் முப்பது மில்லியை ஒன்றும் கலக்காமல், ஐஸும் இல்லாமல் குடியுங்கள். நல்ல போத்தலில் முதலில் தேனும் வெண்ணெயும் கலந்த ஒரு மணம், பின்னால் லேசான கள்ளுப் புளிப்பு. விஸ்கிக்கும் ரம்முக்கும் நடுவில் எங்கோ நிற்கும் சுவை. மூக்கில் வெறும் ஸ்பிரிட் நெடி மட்டும் ஏறினால் அது கலப்பு ரகம். அதை ஆராய்ந்து கொண்டிருக்க வேண்டாம், சோடாவை ஊற்றிவிடுங்கள்.

கலப்பதற்கு எலிபன்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பியரை மிஞ்ச ஒன்றில்லை. உயரமான கிளாசில் வாய்வரை ஐஸ், 50 மில்லி சாராயம், அரைத் தேசிக்காயின் (எலுமிச்சையின்) சாறு. கடைசியாக, குளிர்ந்த ஜிஞ்சர் பியர் 120 மில்லியைச் சாய்த்து ஊற்றி ஒரே ஒரு கிண்டு. முதலில் ஜிஞ்சர் பியரை ஊற்றிவிட்டுக் கிண்டிக்கொண்டிருந்தால் வாயு பறந்து சீனித்தண்ணீர்தான் மிஞ்சும். அரைக் கிளாஸ் ஐஸ் போடுவதும் தவறு. குறைந்த ஐஸ் வேகமாக உருகும்.

அரக் சவர் என்ற புளிப்புக் கொக்டெயிலுக்கு அளவு இது: சாராயம் 50, தேசிச்சாறு 25, கித்துள் பனையின் பதநீரைக் காய்ச்சிய கித்துள் பாணி 15 மில்லி. பாணியை நேரே ஷேக்கரில் விட்டால் குளிரில் இறுகி அடியில் தங்கும். குடிக்கையில் முதல் மிடறு புளிப்பு, கடைசி மிடறு தித்திப்பு. அதே அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் முன்கூட்டியே இளக்கி, ஆறவிட்டு, அந்தக் கலவையில் 30 மில்லி எடுங்கள். பிறகு ஐஸோடு பன்னிரண்டு விநாடி குலுக்கினால் போதும். மலிவான பாணிகளில் சீனிப்பாகு கலப்பு அதிகம், நல்ல கித்துள் பாணியின் புகை மணம் வராது. செவ்விளநீரோடு குடிப்பதும் உண்டு. சாராயம் ஒரு பங்குக்கு இளநீர் இரண்டு பங்கு, அப்போதே வெட்டிய காயாக இருக்க வேண்டும். சுவை மெல்லியது என்பதால் கலப்பு ரகத்தின் நெடி இதில் ஒளியாது.

பக்கத்தில் கடித்துக்கொள்ள 'பைட்ஸ்' என்று கேளுங்கள். காரமும் இனிப்புமாகப் பிரட்டிய டெவல் கோழியும் பொரித்த நெத்தலியும் பொருந்தும். இனிப்புக் கூடிய டெவலுக்கு ஜிஞ்சர் பியரை விட்டு வெறும் சோடாவே சரி.

பௌர்ணமிப் போயா நாட்களில் நாடு முழுக்க மது விற்பனை கிடையாது, ஹோட்டல் பாரும் மூடியிருக்கும். பயணத் திகதியை நாட்காட்டியோடு பொருத்திப் பார்த்து முந்தைய நாளே வாங்கிவையுங்கள். போயாவன்று யாராவது கசிப்பு தருவதாகச் சொன்னால் வேண்டாம். கள்ளச்சாராயம் அது. மெத்தனால் கலந்திருந்தால் நாக்கில் தெரியாது. கண்பார்வையையும் உயிரையும் பறிக்கும்.

வடக்கே போகிறவர்கள் தென்னையோடு நிறுத்த வேண்டாம். பருத்தித்துறைக்கு அருகில் திக்கம் வடிசாலையின் பெயரோடு பனஞ்சாராயம் அறியப்பட்டது. தென்னஞ்சாராயத்தைவிட வாசம் கனத்தது, பனங்கள்ளின் காரமும் உண்டு. முதல் தடவை ஜிஞ்சர் பியரோடு தொடங்காதீர்கள், இஞ்சி அதை மறைத்துவிடும். ஒரு பங்குக்கு ஒரு பங்கு சோடாவும் ஒரு துண்டு தேசிக்காயும் போதும்.