பிளேரைட்: எல்லாவற்றையும் தானியக்கமாக்க நினைக்காதவர்களுக்கான சோதனைக் கருவி

மைக்ரோசாப்ட் 2020இல் வெளியிட்ட பிளேரைட், இணையச் செயலிகளை உலாவியில் தானாக இயக்கிச் சோதிக்கும் இலவசத் திறமூலக் கருவியாகும். ஒரே சோதனையைக் குரோமியம் (குரோமின் அடிப்படை), பயர்பாக்ஸ், வெப்கிட் (சஃபாரியின் அடிப்படை) ஆகிய மூன்றிலும் ஓட்டலாம். ஜாவாஸ்கிரிப்ட் மட்டுமல்லாமல் பைத்தான், ஜாவா, டாட் நெட் ஆகியவற்றிலும் எழுதலாம்.

செலீனியம் என்ற பழைய சோதனைக் கருவியில் பழகியவர்களுக்கு உடனே தெரியும் வேறுபாடு, காத்திருப்பதில் இருக்கிறது. ஒரு பொத்தான் திரையில் தோன்றி, அசைவு நின்று, அழுத்தக்கூடிய நிலைக்கு வரும்வரை பிளேரைட் தானே பொறுத்திருந்து பிறகே அழுத்துவதால், ஆங்காங்கே ‘ஐந்து விநாடி நில்’ என்று எழுதிவைக்கும் பழக்கம் பெருமளவு தேவையற்றதாகிவிடுகிறது. அதைவிடவும் நான் மதிப்பது, சோதனை ஓட்டத்தின் பதிவைத் திறந்து காட்டும் டிரேஸ் வியூவரைத்தான். தோல்வியடைந்த சோதனையின் ஒவ்வொரு படியிலும் பக்கம் எப்படி இருந்தது, சர்வரிலிருந்து என்ன பதில் வந்தது என்பதைப் பின்னோக்கிப் பார்க்க முடிவதால், ‘என் கணினியில் சரியாகத்தானே ஓடுகிறது’ என்று டெவலப்பர் சொல்லும்போது, வாதாடாமல் அந்தப் பதிவுக் கோப்பை அனுப்பிவிடலாம்.

மறுமுயற்சி வசதியில் மட்டும் எச்சரிக்கை தேவை. புதிய திட்டத்துக்குக் கருவி உருவாக்கித் தரும் அமைப்புக் கோப்பில், சிஐ சூழலில் (நிரல் மாறும்போதெல்லாம் சோதனைகளைத் தானாக ஓட்டும் அமைப்பில்) தோற்ற சோதனையை இரண்டு முறை வரை மீண்டும் ஓட்டும்படி எழுதப்பட்டிருக்கிறது. மறுமுறை தேறியவற்றை அறிக்கை ‘ஃபிளேக்கி’ (நிலையற்றது) என்று தனியே காட்டினாலும், மொத்த ஓட்டம் பச்சையாகவே, அதாவது வெற்றியாகவே, முடிவதால் அந்தப் பட்டியலை எவரும் திறப்பதில்லை. உண்மையான பக் (நிரல் பிழை) அங்கேயே ஒளிந்திருக்கக்கூடும். தொடக்கத்திலாவது அந்த எண்ணைப் பூஜ்யமாக்கி வைப்பதே நல்லது.

நம் சொடுக்குகளைப் பதிவுசெய்து நிரலாக்கும் கோட்ஜென் வசதியும் இருக்கிறது. கற்றுக்கொள்ள நல்லது; ஆனால் கண்டதையெல்லாம் பதிவுசெய்யும் குழு விரைவிலேயே பராமரிப்பில் மூழ்கும். உள்நுழைவு, பணம் செலுத்துதல், ஆர்டர் போன்று நின்றால் தொழிலே நின்றுவிடும் சில பாதைகளை மட்டும் இதனிடம் விட்டுவிட்டு, வாரந்தோறும் மாறும் புதிய திரைகளை, நோக்கத்தை ஒரு வரியில் குறித்துக்கொண்டு டெஸ்டர் ஒரு மணி நேரம் கையால் துருவிப் பார்ப்பதே சிறிய குழுக்களுக்குக் கட்டுப்படியாகும். இன்னொன்று: பிளேரைட்டில் வரும் வெப்கிட், ஐபோனில் ஓடும் அதே சஃபாரி அன்று. மொபைல் வாடிக்கையாளர்கள் அதிகமெனில், வெளியீட்டுக்கு முன் உண்மையான ஒரு கைபேசியிலும் பார்த்தே ஆகவேண்டும்.