தாமிரபரணியில் கேனோ மீன்பிடிப் பயணம் என்று முன்பணம் கேட்கிறார்கள்: கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

கடந்த பொங்கல் விடுமுறையில், அம்பாசமுத்திரத்துக்கும் திருப்புடைமருதூருக்கும் இடையே தாமிரபரணியில் கேனோ என்ற குறுகலான துடுப்புப் படகில் சென்று ஃபிளை ஃபிஷிங் முறையில் மீன் பிடிக்க வழிகாட்டுவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்திடம் 24,000 ரூபாய் கட்டி ஏமாந்தேன். பணம் போனதற்காக மட்டும் இதை எழுதவில்லை. அன்று காலை என் பதின்மூன்று வயது மகனும், என் மனைவியின் தம்பியும், நானும் ஓர் அணைக்கட்டின் மதிலை நோக்கி இழுத்துச் செல்லப்பட்டோம். அதே நிறுவனம் இன்னும் ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறது என்பதால்தான் எழுதுகிறேன்.

எனக்கு இந்த மீன்பிடிப்பு புதிதல்ல. டெக்சாஸில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தபோது லானோ ஆற்றில் பலமுறை வழிகாட்டிகளுடன் கேனோவில் போயிருக்கிறேன். பலரும் நினைப்பதுபோல ஃபிளை ஃபிஷிங் என்பது குளிர்ந்த மலையோடைகளில் டிரவுட் மீனுக்காக மட்டும் உள்ளதல்ல. வெயில் காயும் வெதுவெதுப்பான ஆறுகளிலும், பாறை இடுக்கிலும் கரையோர நிழலிலும் பதுங்கியிருந்து பாய்கிற மீன்களுக்கு இது மிகவும் ஏற்ற முறை. அங்கே குவாடலூப் பாஸ் மீன் என்றால் இங்கே விரால். இறகையும் நூலையும் முள்ளில் கட்டிச் செய்கிற ஃபிளை என்ற போலிப் பூச்சிக்கு எடையே கிடையாது. அதை எறிய முடியாது. பிளாஸ்டிக் பூச்சுள்ள தடித்த லைனுக்குத்தான் எடை உண்டு. ஒன்பதடி நீளக் கம்பு அந்த லைனைக் காற்றில் பின்னும் முன்னும் வீசி விரிக்க, அதன் நுனியில் தொங்கும் ஃபிளை கடைசியில் தண்ணீரில் மெல்ல வந்து அமர்கிறது. நெல்லைக்குத் திரும்பி வந்த பிறகு நாட்டுச் சேவலின் கழுத்து இறகை வாங்கி நானே ஃபிளை கட்டி வருகிறேன். நம் ஆற்றில், நம் விராலுக்கு இப்படி ஒரு பயணம் தொடங்கியிருக்கிறார்கள் என்று பார்த்ததும் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

விளம்பரத்தில் இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்த ஒரு பெரிய மகசீர் மீனின் படம் இருந்தது. செம்மஞ்சள் துடுப்பும், தலைக்குப் பின்னால் எழும்பிய திமிலும் தெளிவாகத் தெரிந்தன. அது காவிரிப் படுகைக்கே உரிய மகசீர். 2018-இல்தான் அதற்கு முறையான அறிவியல் பெயர் கிடைத்தது. அழிவின் விளிம்பில் உள்ள இனமாகவும் அதே ஆண்டில் பட்டியலிடப்பட்டது. தாமிரபரணிப் பயணத்துக்கு ஏன் காவிரி மீனின் படம் என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இரண்டு நாள், மூன்று பேர், இரண்டு கேனோக்கள், பத்தாண்டு அனுபவமுள்ள வழிகாட்டி, ஃபிளை கருவிகள், மதிய உணவு எல்லாம் சேர்த்து 24,000 என்றார்கள். தொகை முழுவதையும் முன்னதாகவே கேட்டார்கள். யு.பி.ஐ. வழியாக அனுப்பியபோது திரையில் நிறுவனத்தின் பெயர் வரவில்லை, ஒரு தனிநபரின் பெயர்தான் வந்தது. வரியும் சேர்த்த தொகை என்று ரசீதில் எழுதியிருந்தார்கள், ஆனால் அதில் ஜி.எஸ்.டி. எண் இல்லை.

அதிகாலை ஐந்தரை மணிக்குப் படித்துறையில் எங்களுக்காகக் காத்திருந்தது இரண்டு கேனோ அல்ல, ஒன்றுதான். அதன் அடிப்பாகத்தில் ஒரு முழ நீளத்துக்கு விரிசலும், அதன்மேல் விரலால் தடவிய எம்சீல் பூச்சும் இருந்தன. துடுப்பு ஒன்று. நான்கு பேருக்கு லைஃப் ஜாக்கெட் இரண்டு, அவற்றில் ஒன்றின் வார் அறுந்து சணல் கயிற்றால் முடிச்சிடப்பட்டிருந்தது. நல்லதை மகனுக்குப் போட்டுவிட்டேன். இரண்டாவது கேனோ எங்கே என்று கேட்டதற்கு, "வந்துக்கிட்டே இருக்கு சார், நாம முன்னால போயிருவோம்" என்றார் வழிகாட்டி. மீன்பிடிக் கேனோவில் வழிகாட்டி பின்னால் அமர்ந்து படகைத் திருப்புவார், மீன் பிடிப்பவர் முன்னால் இருப்பார், அதிகம் போனால் இன்னொருவர் நடுவில் இருக்கலாம். நாங்கள் நால்வரும் ஏறியபோது படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே நான்கு விரற்கடைதான் இருந்தது. அந்த இடத்திலேயே இறங்கியிருக்க வேண்டும். மகன் ஒரு வாரமாக இந்த நாளுக்காகக் காத்திருந்தான், அவன் முகத்தைப் பார்த்து நான் இறங்காமல் இருந்துவிட்டேன். இன்று வரை என்னை உறுத்துவது அதுதான்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவை ஃபிளை கம்புகளே அல்ல. சாதாரண ஸ்பின்னிங் ராடுகளில் நைலான் நரம்பைச் சுற்றி, அதன் நுனியில் ஒரு ஃபிளையையும், அது எறிபட வேண்டும் என்பதற்காக ஓர் ஈயக் குண்டையும் கட்டியிருந்தார்கள். இதை நான் சுட்டிக்காட்டியதும் வழிகாட்டி ஒரு தகர டப்பாவைத் திறந்து, "புழுவைப் போட்டாத்தான் சார் கடிக்கும்" என்று மண்புழுவை நீட்டினார். புழுவில் மீன் பிடிப்பதில் எந்தக் குறைவும் இல்லை, என் தாத்தா வாழ்நாளெல்லாம் அப்படித்தான் பிடித்தார். ஆனால் அதற்கு யாரும் 24,000 ரூபாய் கொடுப்பதில்லை.

சிறிது தூரம் போனதும் நாணல் ஓரத்தில் நீர்ப்பரப்பு ஒரு தட்டளவு இடத்தில் மட்டும் மழைத்துளி விழுவதுபோலத் துடித்துக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால், சிவந்த விரால் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் மூச்செடுக்க மேலே வந்து வந்து போய்க்கொண்டிருந்தன. குஞ்சுகளுக்குக் கீழே தாயும் தந்தையும் காவல் நிற்கும் என்பது ஆற்றங்கரையில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். அந்த நேரத்தில் பெரிய மீனைத் தூக்கிவிட்டால் குஞ்சுகளைச் சில மணி நேரத்துக்குள் மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். வழிகாட்டியோ அங்கேயே எறியச் சொன்னார். நான் மறுத்தேன். எப்படி எறிவது என்று காட்டுவதற்காக அவர் எழுந்து நின்று கம்பைச் சுழற்ற, படகு ஒருபுறம் சாய, ஈயக் குண்டு என் தோளில் பட்டுத் தெறித்து, முள் என் மகனின் இடது காது மடலில் ஏறியது.

அந்த முள்ளைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தூண்டில் முள்ளின் கூர்முனைக்குச் சற்றுப் பின்னால், ஏறியது திரும்பி வராதபடி எதிர்ப்பக்கமாக ஒரு சிறு செதில் நீட்டிக்கொண்டிருக்கும். டெக்சாஸில் நான் கண்ட வழிகாட்டிகள் படகில் ஏறும் முன்பே அந்தச் செதிலைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கிவிடுவார்கள். மீனை அதிகம் காயப்படுத்தாமல் விடுவிக்கலாம், மனிதர்மேல் பட்டாலும் வந்த வழியே உருவிவிடலாம். இந்தப் படகில் குறடும் இல்லை, முதலுதவிப் பெட்டியும் இல்லை. வழிகாட்டி முள்ளைப் பிடித்து இழுக்கக் கை நீட்டினார், என் மைத்துனர் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். "அத்தான், முதல்ல கரைக்குப் போயிருவோம்" என்றார் அவர்.

கரைக்குப் போக முடியவில்லை. ஏறிய இடத்தில் சோம்பலாக இருந்த நீரோட்டம் அதற்குள் வலுத்திருந்தது. ஒற்றைத் துடுப்பால் நால்வரின் பாரத்தை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்ப அந்த இளைஞரால் இயலவில்லை. எதிரே ஆற்றின் குறுக்கே நீர் ஒரே நேர்கோடாக முடிந்துபோனதுபோல் தெரிந்தது. அது அணைக்கட்டு, வாய்க்கால்களுக்குத் தண்ணீரைத் திருப்பக் கட்டிய தாழ்வான தடுப்பு மதில். தாமிரபரணியில் கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை இப்படி எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. மேலிருந்து வருகிறவருக்கு அணைக்கட்டின் மதில் தெரியாது, சத்தமும் நெருங்கிய பிறகே கேட்கும். உண்மையான ஆபத்து மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வழிந்து விழும் நீர் அடியில் போய் மோதிச் சுருண்டு மறுபடியும் மதிலை நோக்கியே திரும்புவதால், அதில் விழுந்த கட்டையும் ஆளும் வெளியே வர முடியாமல் அங்கேயே உருண்டுகொண்டிருக்க நேரிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையும் அந்தச் சுழி விடுவதில்லை.

கரையில் எருமைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "அணைப் பக்கம் போகாதீய! சுழி இழுத்துரும்! நாணலைப் பிடிங்க, நாணலைப் பிடிங்க!" என்று கத்திக்கொண்டே கரையோரமாக ஓடி வந்தார். மைத்துனரும் நானும் கையெட்டிய நாணற்கொத்தைப் பற்றிக்கொண்டோம். உள்ளங்கை கிழிந்தது, ஆனால் படகு நின்றது. அவர் எருமையின் கயிற்றை அவிழ்த்து எறிந்து எங்களை ஒவ்வொருவராகக் கரையேற்றினார். மதிலுக்கும் எங்களுக்கும் இடையே ஒரு லாரியின் நீளத்துக்கு மேல் இருந்திருக்காது. மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த என்னிடம், "நேத்து ராத்திரியே தண்ணி கூடிட்டு அண்ணாச்சி. பிசான நெல்லுக்குக் கூடுதலா விட்டிருக்காவ. ஆத்துல எறங்குறவுக ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றார்.

அவர் கேட்டதுதான் இந்தப் பதிவின் மையம். லானோவில் என்னை அழைத்துச் சென்ற ஒவ்வொரு வழிகாட்டியும், வினாடிக்கு எத்தனை கன அடி ஓடுகிறது என்று அரசு அளவுமானியின் கணக்கை அன்று காலை பார்த்துவிட்டுத்தான் படகை இறக்குவார். கணக்கு சரியில்லையென்றால் பயணம் இல்லை, பணம் திரும்பிவிடும். அங்கே கட்டணம் வாங்கி ஆற்றில் மீன்பிடிக்க வழிகாட்டுகிறவர் மாநில அரசின் உரிமம் வைத்திருக்க வேண்டும். நம் ஊரில் அப்படி ஓர் உரிமம் இல்லாவிட்டாலும் அந்தக் கணக்கு இல்லாமல் இல்லை. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டமும், வரத்தும், வெளியேற்றமும் நாளிதழ்களில் அன்றாடம் வருகின்றன. என் அப்பா காபி குடிக்கும் முன் படிப்பது அதைத்தான். பேப்பர் வருவதற்கு முன்பே நாங்கள் கிளம்பிவிட்டோம். வழிகாட்டி என்று வந்தவருக்கோ அப்படி ஒரு செய்தி வரும் என்பதே தெரியாது.

அந்த இளைஞரை நான் குறை சொல்லவில்லை. கரையேறிய பிறகு அவர் உடல் நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் வேறு மாவட்டத்துக்காரர், ஒரு விடுதியின் நீச்சல் குளத்தைச் சுத்தம் செய்யும் வேலையிலிருந்து இரண்டு வாரத்துக்கு முன்புதான் இங்கே வந்தவர், நாளொன்றுக்கு எழுநூறு ரூபாய் கூலி. அவருக்கு நீந்தவே தெரியாது. அவரைப் பத்தாண்டு அனுபவசாலி என்று சொல்லிப் படகில் ஏற்றியவர்கள் செய்தது எங்களுக்கு இழைத்த மோசடி மட்டுமல்ல, அவருக்கு இழைத்த கொடுமையும்கூட.

அம்பாசமுத்திரத்தில் ஒரு மருத்துவர், மரத்துப்போக ஊசி போட்டு, முள்ளை முன்னோக்கியே தள்ளி நுனியை வெளியே கொண்டுவந்து, செதிலை வெட்டிவிட்டுப் பின்னால் உருவி எடுத்தார். டெட்டனஸ் ஊசியும் போட்டார். தயவுசெய்து இதை வீட்டில் யாரும் இழுத்துப் பார்க்க வேண்டாம்.

அன்று மாலை நிறுவனத்தை அழைத்தபோது மன்னிப்பு என்ற சொல்லே வரவில்லை. நீரோட்டம் இயற்கையின் செயல், அதற்குப் பணம் திரும்பாது என்றார்கள். அதற்கு ஈடாக, மறுநாள் பாபநாசத்துக்கு மேலே, "ஆபீசர் நமக்குத் தெரிஞ்சவர் சார்" என்று சொல்லி, மகசீர் பிடிக்க அழைத்துப் போவதாகச் சொன்னார்கள். பாபநாசத்துக்கு மேலே வனத்துறைச் சோதனைச் சாவடியைக் கடந்தால் அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988 முதல் அப்படித்தான் இருக்கிறது. அங்கே அனுமதியில்லாமல் நுழைந்து தூண்டில் போட்டால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வழக்கு நம்மேல்தான் பாயும், படகுக்காரர் ஓடிவிடுவார். பாபநாசம் கோயில் படித்துறையில் மீன்களுக்குப் பொரி போடும் ஊர் இது. அதற்கு மேலேயே போய் மீன் பிடிக்கலாம் என்று அவர்கள் சொன்னதைக் கேட்டபோது வந்த கோபம், பணம் போனபோதுகூட எனக்கு வரவில்லை.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுத்திருக்கிறேன். இந்த அளவு தொகைக்கு மனுக் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்தால் போதும், வழக்கறிஞர் கட்டாயமில்லை. பணம் அனுப்பிய விவரம், ரசீது, உரையாடல்கள், விரிசல் விட்ட படகின் படம் ஆகியவற்றைச் சேர்த்திருக்கிறேன். நல்லவேளையாக என் மைத்துனர் ஏறும் முன்பே படகைப் படம் எடுத்திருந்தார்.

இப்படி ஒரு பயணத்துக்கு யாரேனும் உங்களை அழைத்தால், மீனைப் பற்றிக் கேட்பதற்கு முன் இன்றைக்கு அணையிலிருந்து எவ்வளவு தண்ணீர் விட்டிருக்கிறார்கள், போகிற வழியில் எத்தனை அணைக்கட்டுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் படகை எந்த இடத்தில் கரையேற்றித் தூக்கிச் செல்வீர்கள் என்று கேளுங்கள். அங்குமிங்கும் தடுமாறினால் பணம் கட்டாதீர்கள். தலைக்கு ஒரு லைஃப் ஜாக்கெட்டைக் கண்ணால் பார்க்காமல் படகில் கால் வைக்காதீர்கள், பிள்ளைகள் எவ்வளவு ஆசையோடு நின்றாலும் சரி.

சென்ற வாரம் அந்த விளம்பரத்தை மறுபடியும் பார்த்தேன். நிறுவனத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும் மாறியிருக்கின்றன. திமிலும் செம்மஞ்சள் துடுப்பும் உள்ள அதே மகசீர், அதே இரண்டு கைகள். பள்ளி விடுமுறைக்குக் குழந்தைகளுக்குப் பாதிக் கட்டணம் என்று போட்டிருக்கிறார்கள்.